புழுவா, கருவாடா, ஐஸ் மீனா? - காவிரிப் படுகையில் தூண்டில் இரையின் கதை

தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்க்கால் மதகு ஒன்றில் தூண்டில்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் அங்கே ஒரு வாக்குவாதம் நிச்சயம். முள் என்ன நம்பர், நரம்பு எவ்வளவு தடிமன் என்பதில் கூட ஒத்துப் போய்விடுவார்கள். இரை விஷயத்தில் மட்டும் ஒத்துப் போக மாட்டார்கள். ஒருவர் உயிரோடு நெளியும் மண்புழுவைத் தவிர வேறெதையும் தொட மாட்டார். இன்னொருவர் கோழிக்குடலை வெயிலில் வைத்து நன்றாக நாற வைத்துக் கொண்டு வருவார். அப்படியே கிழக்கே கடற்கரைக்குப் போனால், ஐஸ் பெட்டியிலிருந்து விறைத்துப் போன கணவாயை எடுத்து முள்ளில் குத்துகிறவர்களைப் பார்க்கலாம்.

உயிர் இரை, பதப்படுத்திய இரை, உறைய வைத்த இரை. மூன்றில் எது நல்லது என்று கேட்டால், மீனுக்கு எது பிடிக்கும் என்று யோசிப்பதுதான் வழக்கம். ஆனால் காவிரிப் படுகையின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. எந்த இரை முள்ளில் ஏறும் என்பதை மீனின் நாக்கு எவ்வளவு தீர்மானித்ததோ, அதே அளவுக்கு உப்பு வரியும் பூச்சி மருந்தும் ஐஸ் ஆலையும் சட்டப் புத்தகமும் தீர்மானித்திருக்கின்றன.

முதலில் பழைய காலம். தூண்டில் இரையைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய, மிகத் துல்லியமான காட்சி பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றிய பட்டினப்பாலையும் இவர் பாடியதுதான். பெரும்பாணாற்றுப்படை காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனைப் பற்றியது என்றாலும், அதில் வரும் மீன்பிடிப்பவன் காவிரிக் கரைக்காரனாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. தோளில் ஒரு தோல் பை. பைக்குள் பச்சை இறைச்சி. கையில் நீளமான மூங்கில் கழி, அதில் கயிறு, கயிற்று நுனியில் வளைந்த வாயுடைய இரும்பு முள். ஒரு வாளை மீன் வந்து இரையை மட்டும் கவ்விப் பறித்துக் கொண்டு போய்விடுகிறது. முள் வெறுமையாகத் தொங்குகிறது. தப்பித்த அந்த வாளை அதன் பிறகு கரையோரப் பிரம்பின் நிழல் தண்ணீரில் ஆடினால் கூடத் தூண்டிற்கோல் என்று நினைத்துப் பயப்படுகிறதாம்!

உவமை அழகை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்தத் தோல் பையைக் கவனியுங்கள். கையில் இருப்பது உயிர் இரை அல்ல, இறைச்சித் துண்டு. வாளை வாசனையையும் சுவையையும் தேடி வரும் மீன். கலங்கல் நீரிலும் இருட்டிலும் மீசையால் தடவிக் கண்டுபிடிக்கும். அதற்குத் துடிக்கும் இரை தேவையில்லை. பாணன் மகன் வாளைக்குச் சரியான இரையைத்தான் சுமந்து போயிருக்கிறான். முள்ளில் கட்டிய விதத்தில்தான் எங்கோ கோட்டை விட்டுவிட்டான்.

அகநானூற்றின் 36ம் பாட்டில் இன்னொரு தூண்டில் வருகிறது. மதுரை நக்கீரர் பாடியது. இங்கே மாட்டியது விரால். இரையை விழுங்கிய பெரிய ஆண் விரால், ஆம்பல் இலையைக் கிழித்து, குவளைப் பூக்களைச் சிதைத்து, தூண்டில்காரன் இழுக்க இழுக்க வராமல், கயிற்றில் கட்டிய கோபக்காரக் காளை போலக் குளத்தையே கலக்குகிறது. விரால் பிடித்தவர்கள் யாரும் இதைக் கற்பனை என்று சொல்ல மாட்டார்கள். இதே பாட்டில்தான் தலையாலங்கானத்துப் போரும் வருகிறது. அந்த இடம் இன்றைய திருவாரூர் மாவட்டத்துத் தலையாலங்காடு என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். விரால் விழுங்கிய அந்த இரை என்ன என்பதைத்தான் நக்கீரர் சொல்லாமல் விட்டுவிட்டார். தவளையாக இருந்திருக்கலாம் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. ஊகம்தான்.

மீன் அன்றைக்கே நெல்லாக மாறும் பண்டம் என்பதும் தெரிகிறது. ஐங்குறுநூற்றில் பாணர் வீட்டுப் பெண் கூடை நிறைய விரால் கொண்டு வந்து கொட்ட, வீட்டுக்காரி அதே கூடையில் பழைய வெண்ணெல்லை நிரப்பி அனுப்புகிறாள். சோழர் காலத்துக்கு வந்தால் ஏரி, குளத்து மீனுக்குப் 'பாசிப்பாட்டம்' என்ற பெயரில் குத்தகையே இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. வள்ளுவரும் இரையை விட்டு வைக்கவில்லை. சூதில் கிடைக்கும் வெற்றியை அவர் மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடுகிறார் (குறள் 931).

சரி, மீன்களுக்குள் ஏன் இந்த வித்தியாசம்? கெளுத்தி, வாளை போன்ற மீசைக்கார மீன்களுக்கு நாக்கில் மட்டும் சுவை மொட்டுகள் இல்லை. மீசையிலும், உடம்புத் தோல் முழுவதிலும் உண்டு. ஒரு கெளுத்தியே நீந்தும் நாக்கு மாதிரிதான்! இறைச்சி சிதையும் போது வெளிவரும் அமினோ அமிலங்கள் தண்ணீரில் கரைந்து பரவ, அந்தத் தடத்தைப் பிடித்துக் கொண்டு அது வந்து சேரும். அதனால்தான் கோழிக்குடல், மாட்டு ஈரல், நாறிய மீன் எல்லாம் அதற்கு விருந்து.

விரால் அப்படியே எதிர். அது கண்ணை நம்பும் வேட்டைக்காரன். தாமரை இலைக்கடியில் அசையாமல் நின்று, மேலே ஏதாவது துடித்தால் ஒரே பாய்ச்சல். செத்த இரை அதன் கவனத்தை எளிதில் ஈர்ப்பதில்லை. எனவே சிறு தவளை, உயிர்க் கெண்டைக் குஞ்சு, வெட்டுக்கிளி. தவளையைத் தொடையில் குத்தினால் அது நீந்திக் கொண்டே இருக்கும், விராலும் வந்துகொண்டே இருக்கும். குஞ்சுகளோடு திரியும் தாய் தந்தை விரால்கள் இன்னும் மூர்க்கம். செந்நிறமாகக் கூட்டமாய்ச் சுற்றும் குஞ்சுகளுக்குப் பக்கத்தில் எது விழுந்தாலும் பசியில்லாவிட்டாலும் பாயும். அந்த நேரத்தில் பெரிய விராலைப் பிடிப்பது சுலபம். காவல் போன குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அடுத்த வருஷம் அந்தக் குளத்தில் விரால் இல்லையே என்று புலம்பவும் அதே ஆட்கள்தான் வருவார்கள்.

கெண்டை வகைக்குச் சோற்றுப் பருக்கை, தவிடு, கடலைப் பிண்ணாக்கு பிசைந்த மாவு உருண்டை போதும். ஆராலுக்கும் விலாங்குக்கும் மண்புழு. குறவைக்கு அதுவும் சரி, எதுவும் சரி.

மண்புழு தஞ்சாவூர்க்காரனுக்குக் காசில்லாமல் கிடைத்த இரை. வாய்க்கால் கரையிலும் வாழைக் கொல்லையிலும், வீட்டுக் கழுவு நீர் போகும் இடத்திலும் ஒரு வெட்டு வெட்டினால் கொட்டாங்குச்சி நிறையும். ஈர மண்ணைக் கொஞ்சம் போட்டு மூடினால் நாள் முழுக்க உயிரோடிருக்கும். ஐஸும் வேண்டாம் உப்பும் வேண்டாம். ஆற்றில் தண்ணீர் வரும் காலம் வரை இதில் பிரச்சினையே இல்லை. மேட்டூர் அணை 1934ல் கட்டி முடிந்த பிறகு, ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவது என்ற கணக்கு வந்தது. மூடிய பிறகு வரும் கோடையில் படுகையின் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். புழு ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போய்விடும். மீனோ குட்டைகளிலும் மதகுப் பள்ளங்களிலும் ஒதுங்கிப் பசியோடு கிடக்கும். பிடிக்க மீன் இருக்கும் போது இரை இல்லை! அந்த மாதங்களில்தான் உப்பிட்ட மீன், கருவாட்டுத் துண்டு, நாறவைத்த குடல் ஆகியவற்றுக்கு மதிப்பு.

பதப்படுத்துவது என்றதும் தரங்கம்பாடி நினைவுக்கு வருகிறது. இரைக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 18ம் நூற்றாண்டின் கடைசியில் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடியில் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் இருந்தார். நம் ஊர் மீன்களைச் சாராயத்தில் ஊறப் போட்டு பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக் என்ற மீனியல் அறிஞருக்கு அனுப்பிக் கொண்டே இருந்தார். விராலுக்கும் குறவைக்கும் பிளாக் 1793ல் அறிவியல் பெயர் வைத்தார். இரண்டையும் சேர்த்த பேரினத்துக்கு அவர் கொடுத்த கிரேக்கப் பெயரின் பொருள் 'பாம்புத்தலை'. கத்தாளை மீனின் ஒரு பேரினத்துக்கு ஜானின் பெயரையே வைத்து ஜானியஸ் ஆக்கினார். அதே தரங்கம்பாடியில் 1791ல் டால்டார்ஃப் என்ற டேனிஷ் ராணுவ அதிகாரி, பனைமரத்தில் ஏறிக் கொண்டிருந்த மீன் ஒன்றைப் பிடித்ததாக லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார். உலகம் முழுக்க அதை நம்பவும் நம்பாமலும் சண்டை போட்டார்கள். நம் ஊரில் அதற்குப் பனையேறிக் கெண்டை என்று ஏற்கனவே பெயர் இருந்தது.

ஆக, சாராயத்தில் போட்டால் மீன் கடல் தாண்டியும் கெடாது. ஆனால் ஏழைத் தூண்டில்காரன் இரைக்கு யார் சாராயம் ஊற்றுவார்கள்? கைக்கெட்டிய பொருள் உப்பு. உப்பு இறைச்சியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடும். கெடுக்கும் கிருமிகளுக்கு ஈரம் கிடைக்காது. கூடவே சதை இறுகி முள்ளில் கெட்டியாக நிற்கும். உப்பிட்ட மத்தித் துண்டை நண்டும் சின்ன மீனும் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தாலும் சீக்கிரம் கழன்று விழாது. வாசனை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இங்கேதான் அரசாங்கம் குறுக்கே வருகிறது. 1888ல் உப்பு வரி மணங்குக்கு இரண்டரை ரூபாய் ஆக்கப்பட்டது. மணங்கு என்பது சுமார் 37 கிலோ. வேதாரண்யம் உப்பளங்களுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தாலும், சதுப்பில் தானாக விளைந்து கிடக்கும் உப்பை ஒரு பிடி அள்ளினால் குற்றம். 1889ம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் இதையெல்லாம் எழுத்தில் இறுக்கியது. மீன் பிடிப்பவர்களின் நிலைமையை அரசு கவனிக்காமல் இல்லை. பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் இந்தியக் கடற்கரை முழுக்கச் சுற்றி, உப்பு விலையால் மீன் அழுகி வீணாவதை எடுத்துச் சொன்னார். இந்திய மீன்கள் பற்றி 1875 முதல் 1878 வரை வெளிவந்த பெரிய நூலை எழுதியவரும் அவர்தான். அந்த வாதங்களின் பலனாக 19ம் நூற்றாண்டின் கடைசிக் காலாண்டில் சென்னை மாகாணக் கரையோரங்களில் 'மீன் உப்பிடும் களங்கள்' வந்தன. வேலிக்குள் மீனைக் கொண்டு போனால் மலிவு விலை உப்பு. வேலியை விட்டு உப்பு ஒரு பிடி கூட வெளியே வரக் கூடாது.

இதன் பொருள் என்ன? விற்பனைக்குக் கருவாடு போடும் வியாபாரிக்குச் சலுகை உண்டு. வீட்டுப் பானையில் நாலு மத்தியை அடுக்கி இரைக்கு உப்புத் தூவும் ஆளுக்கு இல்லை. அவர் கடையில் வரி கட்டிய உப்பை வாங்க வேண்டும். கஞ்சிக்கே உப்பு எண்ணிப் போட்ட வீடுகளில் மீன் இரைக்கு யார் உப்பு கொடுப்பார்கள்?

1930 ஏப்ரல் 13ல் ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடக்க ஆரம்பித்தார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக நடை. தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் தொண்டர்களுக்குச் சோறு போடக் கூடாது, இடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். அப்படியும் சோறு வந்து கொண்டே இருந்தது. 28ம் தேதி வேதாரண்யம், 30ம் தேதி உப்பு அள்ளல், கைது. இந்தக் கதை பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். மறுவருஷம் காந்தி-இர்வின் ஒப்பந்தத்தில் உப்பு விளையும் ஊர்க்காரர்கள் வீட்டு உபயோகத்துக்கு எடுத்துக் கொள்ளலாம் என்று விட்டுக் கொடுத்தார்கள். வரி முழுதாக ஒழிந்தது 1947ல். உப்பிட்ட இரையின் சரித்திரத்தில் அது ஒரு முக்கியமான வருஷம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் முக்கியமான வருஷம்தான்.

வெள்ளைக்கார அதிகாரிகளில் தூண்டில் பைத்தியங்களும் இருந்தார்கள். ஹென்றி சல்லிவன் தாமஸ் அவர்களில் ஒருவர். 1873ல் மங்களூரில் அச்சான அவருடைய 'இந்தியாவில் தூண்டில்' நூல் அரை நூற்றாண்டுக்குத் துரைமார்களின் வேதமாக இருந்தது. 1887ல் குளத்துத் தூண்டிலுக்கென்றே தனியாக ஒரு நூல் எழுதினார். இதே தாமஸ்தான் தஞ்சாவூர் மாவட்டத்தின் 1294ம் பசலி, அதாவது 1884-85ம் ஆண்டின் நிலவரித் தள்ளுபடி பற்றி அரசுக்கு அறிக்கை எழுதியவர். குளத்தில் மீனும் வயலில் நெல்லும் ஒரே தண்ணீர்க் கணக்கில் வருபவை என்பது இப்படிப்பட்ட ஆளுக்குப் புரியாமல் இருந்திருக்காது. குளத்தில் வெடி வைப்பதையும் விஷம் கலப்பதையும் தடை செய்த 1897ம் ஆண்டு மீன்வளச் சட்டத்துக்குப் பின்னால் டே, தாமஸ் போன்றவர்கள் பல வருஷங்களாகப் போட்ட கூச்சலும் இருந்தது.

துரைமார்களின் ஊரில் இன்னொரு பதப்படுத்தும் முறை பரவியது. 1893ல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் பிளம் ஃபார்மலின் சதையை இறுக்கும் என்று கண்டுபிடித்தார். ஆய்வகத்துக்காக வந்த சரக்கு, கொஞ்ச காலத்திலேயே தூண்டில் கடைகளில் குட்டி மீன்களைப் புட்டியில் அடைத்து விற்கவும் பயன்பட்டது. வருஷக்கணக்கில் கெடாது. ஆனால் மீனுக்குப் பிடித்த வாசனையெல்லாம் போய் மருந்து நெடிதான் மிஞ்சும். கண்ணால் பார்த்துப் பாயும் மீனை ஏமாற்றலாம், கெளுத்தியை ஏமாற்ற முடியாது. ஃபார்மலின் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று 2004ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு வகைப்படுத்தியது. 2018ல் சென்னை, கேரள மீன் சந்தைகளில் சாப்பிடும் மீனிலேயே ஃபார்மலின் இருந்ததாகச் சோதனைகள் சொன்ன போது பலர் கொஞ்ச நாள் மீன் வாங்குவதையே நிறுத்தினார்கள்.

ஐஸ் நம் நாட்டுக்கு வந்த கதை ரொம்ப வேடிக்கையானது. அமெரிக்கக் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி ஃபிரெடெரிக் டியூடர் என்பவர் இந்தியாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரை ஐஸ் ஹவுஸ் 1842ல் அதற்காகவே கட்டியது. அந்த ஐஸ் துரைமார்களின் கோப்பைக்குத்தான், மீனுக்கு இல்லை. மீனுக்கு ஐஸ் வருவதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது. 1952ல் கையெழுத்தான இந்தோ-நார்வே திட்டம் கேரளத்தில் விசைப்படகையும் ஐஸ் ஆலையையும் கொண்டு வந்தது. 1953ல் கொச்சியிலிருந்து உறைந்த இறால் முதன் முதலாக அமெரிக்காவுக்குப் போனது. இறால் பணம் கண்ட பிறகு இழுவைப் படகும் ஐஸ் ஆலையும் கிழக்குக் கரைக்கும் பரவின. நாகப்பட்டினமும் மல்லிப்பட்டினமும் மாறின. இறாலோடு வலையில் வந்த சில்லறை மீன்களைக் கருவாட்டுக்கும் இரைக்கும் ஒதுக்கலாம் என்ற நிலை வந்தது இப்படித்தான்.

உறைந்த இரையின் குணம் உப்பிட்டதற்கு நேர் எதிர். மெதுவாக உறையும் போது சதைக்குள் பெரிய பனிப் படிகங்கள் வளர்ந்து செல் சவ்வுகளைக் கிழித்துவிடும். வெளியே எடுத்து இளகவிட்டால் சாறு ஒழுகும். வாசனைக்கு இது நல்லது, மீன் தேடி வரும். ஆனால் சதை சோளக்கூழ் மாதிரி ஆகி முள்ளிலிருந்து கழன்று விழும். அதனால்தான் உறைந்த இரை என்றால் கணவாய்க்கு அவ்வளவு கிராக்கி. அதன் சதை தோல் மாதிரி இழுவை. உறைந்து இளகினாலும் முள்ளை விடாது. மத்தியை உறைய வைப்பதற்கு முன் உப்பில் புரட்டுகிறவர்களும் உண்டு. இரண்டு வழியின் நன்மையும் சேர்ந்து கிடைக்கும்.

கடலில் ஐஸ் வந்த அதே பத்தாண்டுகளில் வயலில் வேறொன்று வந்தது. படுகையின் தூண்டில்காரனுக்கு நடந்த பெரிய விஷயம் அதுதான்.

1960-61ல் நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சாவூரில் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கியது. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவி இருந்தது. விதை, உரம், கடன், பூச்சி மருந்து எல்லாம் ஒரே பொட்டலமாக. 1965ல் ஆடுதுறை 27 வந்து குறுவை சாகுபடியையே புரட்டிப் போட்டது. பசிக்குப் பயந்த நாடு அது. அந்த நெல்லைக் குறை சொல்ல எவருக்கும் வாய் வராது. ஆனால் பொட்டலத்தில் மருந்தும் இருந்தது. அக்காலத்தில் நெற்பயிரில் பரவலாக அடிக்கப்பட்ட எண்ட்ரின் மீனுக்கு எமன். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மைக்ரோகிராம் கலந்தாலே பல மீன்கள் செத்து மிதக்கும். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றில் 1960களின் தொடக்கத்தில் லட்சக்கணக்கில் மீன் செத்ததற்கு எண்ட்ரின்தான் காரணம் என்று பெரிய விசாரணை நடந்தது. இந்தியாவில் எண்ட்ரினுக்கு முழுத் தடை வந்தது 1990ல். அதற்குள் அந்தப் பெயர் கிராமங்களில் வேறொரு துக்கத்துக்காகவும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு குருணையாக வந்தது கார்போஃபியூரான். வயல் ஈரத்தில் தூவினால் மண்ணுக்குள் இறங்கும். மண்புழுவுக்கு அது கொடிய நஞ்சு. குளத்து மீன், வயல் நண்டு, தவளை, தட்டான் பூச்சி, புழு எல்லாம் ஒரே ஈரத்தில் வாழ்ந்தவை. ஒன்றுக்கு அடித்தது எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. வாய்க்கால் கரையில் ஒரு வெட்டில் கொட்டாங்குச்சி நிறைந்த காலம் போய், வீட்டுக் கொல்லைச் சாக்கடை ஓரத்தைத் தேட வேண்டிய காலம் வந்தது.

தவளைக்கு இரண்டாவது அடியும் விழுந்தது. உறைய வைத்த தவளைக் கால் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆயிரக்கணக்கான டன் ஏற்றுமதியானது. மழைக்கால ராத்திரிகளில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வயலில் இறங்கினால் கூலி நிச்சயம். ஐஸ் ஆலை இல்லாமல் இந்த வியாபாரமே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பூச்சி தின்னும் தவளையை விற்று, அந்த டாலரில் பூச்சி மருந்து வாங்குகிறோம் என்று அப்போதே கேலி பேசினார்கள். 1987ல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. 1972ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் தவளைகளும் பின்னர் சேர்க்கப்பட்டன. ஆக, விராலுக்கு ஆகச் சிறந்தது என்று தலைமுறைகள் சொல்லி வந்த உயிர் இரையைப் பிடிப்பது சட்டப்படிக் குற்றமானது. கொட்டாங்குச்சியில் தவளை வைத்திருந்த சிறுவனுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

மீனும் மாறிவிட்டது. 1952ல் நாட்டுக்குள் கொண்டு வரப்பட்ட திலாப்பியா, 'ஜிலேபி கெண்டை' என்ற இனிப்பான பெயரோடு எல்லாக் குளத்திலும் ஏறிக் கொண்டது. மைதா உருண்டை, சோறு, புழு, பாசி என்று அது எதையும் கடிக்கும். இரையைத் தேர்ந்தெடுக்கும் கலையைக் கெடுத்த மீன் இது என்று தாராளமாகச் சொல்லலாம். 2000ல் மத்திய அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும் குளங்களில் இன்னும் அகப்படுகிறது. ஆற்றைக் கடந்து ஊருக்கு ஊர் உயிருள்ள மீனைக் கொண்டு போவதில் எப்போதும் இந்த ஆபத்து உண்டு. அமெரிக்காவின் பெரிய ஏரிகளில் மீன்களைக் கொல்லும் வைரஸ் நோய் ஒன்று பரவிய போது, 2006ல் அந்த அரசு உயிர் இரை மீன்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு போகக் கட்டுப்பாடு விதித்தது. மின்னசோட்டா காடுகளில் தூண்டில்காரர்கள் மிச்சம் கொட்டிய மண்புழுக்கள் காட்டுத் தரையையே தின்று மாற்றிவிட்டன. அந்த மண்ணில் அதற்கு முன் புழுவே கிடையாது. நம் ஊரில் இல்லாமல் போனதற்கு அழுகிறோம், அங்கே இருப்பதற்கு அழுகிறார்கள்.

உயிர் இரை இல்லாமல் முடியவே முடியாத மீன்பிடிப்பு ஒன்று உண்டு. மினிக்காய் தீவிலும் மாலத்தீவிலும் சூரை மீனைக் கழித் தூண்டிலில் பிடிக்கிறார்கள். விடியற்காலையில் கடற்கழியில் குட்டி மீன்களை வலையால் பிடித்து, கடல் நீர் உள்ளே வந்து வெளியே போகும்படித் துளையிட்ட படகுத் தொட்டியில் உயிரோடு வைத்துக் கொள்வார்கள். சூரைக் கூட்டம் தென்பட்டதும் அள்ளி வீசுவார்கள். சூரை வெறி பிடித்துக் கடிக்கும். அப்படிப் பிடித்து, அவித்து, புகையிட்டு, உலர்த்தியதுதான் நம் ஊர்க் கடைகளில் விற்கும் மாசிக் கருவாடு. குட்டி மீன் கிடைக்காத நாளில் படகு கிளம்பாது.

தஞ்சாவூர்க் கடற்கரைக்கு இந்தச் சூரைக் கதை இப்போது வாழ்க்கைப் பிரச்சினையாகிவிட்டது. சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம் முதல் ராமேஸ்வரம் வரை பாக் நீரிணையில் இழுவைப் படகு ஓட்டுகிறவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபடுவதும், படகை இழப்பதும் வருஷக்கணக்காக நடக்கிறது. அடிமடி இழுவையால் தங்கள் கடல் பாழாவதாக வட இலங்கைத் தமிழ் மீனவர்கள் சொல்வதும் பொய்யல்ல. 2017ல் இதற்கு ஒரு தீர்வாக மத்திய, மாநில அரசுகள் ஒரு திட்டம் கொண்டு வந்தன. இழுவைப் படகைக் கொடுத்துவிட்டு ஆழ்கடலுக்குப் போகும் சூரை மீன் தூண்டில் மற்றும் செவுள் வலைப் படகுக்கு மாற வேண்டும். படகு விலை 80 லட்சம் ரூபாய், அதில் 70 சதவீதம் மானியம். இலக்கு 2000 படகுகள். மாறியவர்களின் எண்ணிக்கை அதில் பாதியைக் கூட எட்டவில்லை. பிறகு படகு மதிப்பை உயர்த்தியும் பார்த்தார்கள்.

கடன், பழக்கமில்லாத ஆழ்கடல், வாரக்கணக்கில் வீட்டை விட்டுப் பிரிவது என்று காரணங்கள் பல. அதில் அதிகம் பேசப்படாதது இரை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீளத் தூண்டில் ஒன்றில் 800 முள் என்று வைத்துக் கொள்வோம். முள்ளுக்கு 100 கிராம் கணவாய் என்றால் ஒரு முறை கயிறு விட 80 கிலோ. ஒரு பயணத்தில் பத்து முறை விட்டால் 800 கிலோ! மீன் ஒன்று கூடப் பிடிபடுவதற்கு முன்பே முக்கால் டன் உறைந்த இரைக்கும், அதைக் காக்கும் ஐஸுக்கும், டீசலுக்கும் காசு கொடுத்தாக வேண்டும். இழுவை வலைக்கு இரையே தேவையில்லை. அந்த வலையோடு வளர்ந்தவருக்கு இது புதுச் செலவு, புதுப் பயம். குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் தலைமுறைகளாக ஆழ்கடல் தூண்டிலில் இறங்கியவர்கள். இரையை எங்கே வாங்குவது, எப்போது கணவாய், எப்போது அயிலை என்பதெல்லாம் அவர்கள் கையோடு வந்த கல்வி. பாக் நீரிணைக்காரருக்கு அந்தக் கல்வியை எந்த மானியமும் தருவதில்லை.

பால்மீன் குஞ்சை உயிர் இரையாக்கலாம் என்ற யோசனையும் உண்டு. சூரைத் தூண்டிலுக்குப் பல நாடுகளில் அது பழக்கப்பட்ட இரை. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 2015ல் பால்மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் கழிமுகப் பக்கம் உவர்நீருக்குப் பஞ்சமில்லை. இரை வளர்ப்பதே ஒரு தொழிலாக அங்கே வந்தால் கெட்டதில்லை.

உள்ளே நெல் வயல் பக்கம் திரும்பினால் கதை வேறு மாதிரி போகிறது. 2024ல் மேட்டூர் அணை ஜூன் 12ல் திறக்கவில்லை, ஜூலை 28ல்தான் திறந்தது. 2025ல் வழக்கமான தேதிக்கே திறந்தது. தண்ணீர் வந்த சில நாட்களில் கல்லணைக்குக் கீழே வெண்ணாறு, வெட்டாறு மதகுகளில் பையன்கள் வரிசையாக நிற்பார்கள். மூங்கில் கழியின் இடத்தில் சுருள் மாட்டிய ஃபைபர் கழி வந்திருக்கிறது. நுனியில் தொங்குவது பச்சை நிறத்தில் ஒரு ரப்பர் தவளை. கண், கால், வயிற்றுப் புள்ளி எல்லாம் அச்சு அசல். தண்ணீர் மேல் தத்தித் தத்தி இழுத்தால் விரால் பாய்கிறது. வாங்கிய கடையில் அதற்கு இருநூறு, முந்நூறு ரூபாய். செடியில் சிக்கி அறுந்து போனால் பையன் கழுத்தளவு தண்ணீரில் இறங்கித் தேடி எடுத்து வருகிறான்.